ஊருக்கு ஒரு பீட்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பீட்சா மீதுள்ள பிரியம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வெளிநாடு கிளம்பும் நண்பர்கள் விமான நிலையத்திலிருந்து அவசரமாகக் கேட்பவையும் இதில் உண்டு. தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சின்ன வயசிலிருந்து சாப்பிடுகிறீர்களே, சலிக்கவே இல்லையா?

இல்லை. பீட்சாவுக்கு அடிப்படை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்ற நான்கு பொருள்கள்தான். அந்த மாவை எந்த அடுப்பில், எவ்வளவு சூட்டில், எதன் மேல் வைத்துச் சுடுகிறார்கள் என்பதில் ஊருக்கு ஊர் பண்டமே மாறிவிடுகிறது. மேலே என்ன தூவுகிறோம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. புது ஊரில் ஒரு கடைக்குள் நுழைந்தால் மெனு கார்டைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்பைத்தான் பார்ப்பேன். விறகா, நிலக்கரியா, கேஸா, கரண்டா? மாவை அடுப்பின் தரையிலேயே போடுகிறார்களா, தட்டில் வைத்து உள்ளே தள்ளுகிறார்களா? இது தெரிந்தால் வரப்போகும் பீட்சா எப்படி இருக்கும் என்று பாதி சொல்லிவிடலாம். கீழே வரும் பதில்களில் அடுப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு இதுதான் காரணம்.

நேப்பிள்ஸ் பீட்சாவை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

இன்று நாம் பீட்சா என்று சொல்லும் பண்டம் உருவான இத்தாலிய ஊர் அது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நேப்பிள்ஸ் நெரிசலான, ஏழ்மையான துறைமுக நகரம். சமையலுக்கு இடமில்லாத ஒற்றை அறை வீடுகளில் இருந்தவர்கள் தெருவில் வாங்கித்தான் சாப்பிட்டார்கள். செம்புப் பெட்டியைத் தலையில் சுமந்தபடி பையன்கள் பீட்சாவைக் கூவி விற்றார்கள். காசுக்குத் தக்கபடி துண்டு போட்டுக் கொடுத்தார்கள். போர்ட் ஆல்பா என்ற கடை 1738-ல் தள்ளுவண்டிக்காரர்களுக்குப் பீட்சா சுட்டுக்கொடுக்கும் இடமாகத் தொடங்கி, 1830-ல் உட்கார்ந்து சாப்பிடும் கடையானதாகச் சொல்லிக்கொள்கிறது. 1870-ல் தொடங்கிய தா மிகேலே கடை நெடுங்காலம் மார்கெரிட்டா, மரினாரா என்ற இரண்டே வகைகளை நம்பி நடந்தது.

1984-ல் அந்த ஊர் பீட்சாக்காரர்கள் சங்கம் அமைத்து, அசல் நேப்பிள்ஸ் பீட்சா எது என்று விதிகள் எழுதினார்கள். விறகடுப்பு, தரையில் சுமார் 430 டிகிரி செல்சியஸ் சூடு, 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும், குறுக்களவு 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, விளிம்பு உப்பி 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். 2017-ல் யுனெஸ்கோ பீட்சா சுடும் அந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அங்கீகாரம் கிடைத்தது பண்டத்துக்கு அல்ல, அதைச் செய்யும் கைகளுக்கு. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்தக் கைகளைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பளிங்கு மேடையில் மாவு உருண்டையை வைத்து, இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்துவார். ராத்திரி முழுக்கப் புளித்து மாவுக்குள் சேர்ந்த காற்று அப்படியே விளிம்புக்கு ஒதுங்கும். பிறகு ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்து மேடையில் அறைவார், கால் வட்டம் திருப்புவார், மறுபடி அறைவார். பூரிக்கட்டை பக்கத்திலேயே வராது. வந்தால் அந்தக் காற்று போய்விடும். அடுப்புக்குள் போனதும் விளிம்பு எழும்பிக் கறுப்புப் புள்ளிகள் விழும். அடுப்புக்காரர் சின்னத் துடுப்பால் பீட்சாவை ஒரு முறை திருப்பி, கடைசியில் தரையிலிருந்து தூக்கிக் கூரைச் சூட்டில் ஒரு கணம் காட்டி வெளியே எடுப்பார். மாவு தட்டுபவர் ஒருவர், அடுப்பு பார்ப்பவர் ஒருவர். இருவருக்கும் இடையில் பேச்சே இருக்காது.

அங்கே போனால் ஒருமுறையாவது பொரித்த பீட்சா சாப்பிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அடுப்புகள் நாசமாகி, விறகும் சீஸும் எட்டாத விலைக்குப் போன காலத்தில் நேப்பிள்ஸ் பெண்கள் வீட்டு வாசலில் எண்ணெய்ச் சட்டியை வைத்து மாவைப் பொரித்து விற்றார்கள். இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கலாம் என்பது அன்றைய கடன் கணக்கு. ரிக்கோட்டா சீஸ் வைத்து மடித்துப் பொரித்த அந்தப் பீட்சாவைச் சந்துகளில் இன்றும் விற்கிறார்கள்.

நடுவில் சொதசொதவென்று இருக்கிறதே, வேகவில்லையா?

வெந்திருக்கிறது. ஒன்றரை நிமிஷத்தில் சுட்டெடுத்ததால் தக்காளியிலும் மொசரெல்லாவிலும் உள்ள தண்ணீர் வற்ற நேரமில்லை. அதனால் நடுப்பகுதி மெத்தென்று ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் கத்தி, முள்கரண்டியால் சாப்பிடுவார்கள். தெருவில் என்றால் நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொள்வார்கள். தலைக்கு ஒரு முழு பீட்சா. நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பங்கு போடும் பழக்கம் அங்கே இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அடுப்பின் தரை. 430 டிகிரியில் இரும்புத் தகடு இருந்தால் மாவின் அடி சில விநாடிகளில் கரியாகிவிடும். அதனால் சொரெண்டோ பகுதிக் களிமண்ணில் செய்த தடிமனான ஓடுகளைத் தரையில் பதிக்கிறார்கள். அந்த ஓடு சூட்டை மெதுவாகத்தான் விடும். மேலே தீ கொதித்துக்கொண்டிருக்க, அடி கருகாமல் வேகும். இதை நினைவில் வையுங்கள், வீட்டில் செய்வதைப் பற்றிப் பேசும்போது உதவும்.

மார்கெரிட்டா ராணியின் கதை உண்மைதானா?

கதை இதுதான்: 1889-ல் இத்தாலிய அரசி மார்கெரிட்டா நேப்பிள்ஸ் வந்தபோது அந்த ஊர் பீட்சாக்காரர் ரஃபாயேலே எஸ்போசிட்டோ மூன்று வகை பீட்சா செய்து கொடுத்தார். தக்காளிச் சிவப்பு, மொசரெல்லா வெள்ளை, பேசில் பச்சை என்று தேசியக் கொடியின் நிறத்தில் இருந்ததை ராணி விரும்பியதால் அதற்கு அவர் பெயர் வைத்தார்கள். நேப்பிள்ஸில் பிராந்தி (Brandi) என்ற பெயருள்ள பீட்சாக் கடையில் ராணியின் அலுவலர் எழுதியதாக ஒரு கடிதம் மாட்டியிருக்கிறது. அந்தக் கடிதத்தின் நம்பகத்தன்மையை ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மொசரெல்லாவும் பேசில் இலையும் போட்ட பீட்சாவைப் பற்றி 1850-களிலேயே எழுத்துப் பதிவு இருப்பதால், பண்டம் ராணிக்கு முந்தியது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

நேப்பிள்ஸில் ஒரு கடையை எடைபோட நான் கேட்பது மார்கெரிட்டா இல்லை, மரினாரா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய். சீஸே கிடையாது. மாவில் குறை இருந்தால் மறைத்துக்கொள்ள இடமில்லை.

ரோமில் வேறு மாதிரியா?

முற்றிலும் வேறு. ரோமில் இரண்டு உலகம். ராத்திரிக் கடைகளில் கிடைப்பது வட்டமான, காகிதம் போல மெலிந்த, கடித்தால் நொறுங்கும் பீட்சா. மாவில் எண்ணெய் சேர்த்து, பூரிக்கட்டையால் தேய்க்கிறார்கள். நேப்பிள்ஸ்காரர் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். சூடு கொஞ்சம் குறைவு, நேரம் கொஞ்சம் அதிகம், அதனால் மொறுமொறுப்பு.

பகலில் கிடைப்பது வெட்டு பீட்சா. நீளமான இரும்புத் தட்டுகளில், கரண்ட் அடுப்பில் சுட்டது. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்திரிக்கோலால் வெட்டி, தராசில் நிறுத்து, எடைக்குக் காசு வாங்குவார்கள். கப்ரியேலே போன்சி 2003-ல் வத்திக்கானுக்குப் பக்கத்தில் திறந்த பிட்சாரியும் கடை இந்த எளிய பண்டத்தை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. மாவில் தண்ணீர் மிக அதிகம், நீண்ட நேரப் புளிப்பு, அதனால் உள்ளே பெரிய பெரிய கண்கள், அடியில் கண்ணாடி போன்ற மொறுமொறுப்பு. உருளைக்கிழங்கு மட்டும் போட்ட துண்டு ஒன்று வாங்கி நின்றபடியே சாப்பிட்டுப் பாருங்கள்.

சிசிலி பீட்சா என்று தடியாக ஒன்று வருகிறதே?

அதன் மூலம் பலெர்மோ நகரத்து ஸ்ஃபின்ச்சோனே. பஞ்சு போன்ற தடித்த மாவு, அதன் மேல் நெடுநேரம் வதக்கிய வெங்காயமும் தக்காளியும், நெத்திலி இனத்து உப்பு மீன், கச்சோகவாலோ சீஸ், எல்லாவற்றுக்கும் மேலே ரொட்டித்தூள். அந்த ரொட்டித்தூள்தான் உயிர். எண்ணெயைக் குடித்துக்கொண்டு பொன்னிறமாகி, மெத்தென்ற மாவுக்கு மேல் நறநறவென்று ஓர் அடுக்கைத் தரும். நம் ஊரில் ஓடும் ஆப்பே ஆட்டோவின் இத்தாலிய மூதாதை வண்டியில் வைத்து, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே விற்பார்கள். சிசிலிக்காரர்கள் கப்பலேறி அமெரிக்கா போனபோது தட்டில் சுடும் இந்த வழக்கமும் கூடவே போனது. நியூயார்க்கின் சதுர பீட்சாவும் டெட்ராய்ட் பீட்சாவும் இதன் பிள்ளைகள்.

நியூயார்க் துண்டு ஏன் அவ்வளவு பிரபலம்?

ஜென்னாரோ லொம்பார்டியின் ஸ்ப்ரிங் தெருக் கடை 1905-ல் பீட்சா விற்றதாக அறியப்படுகிறது. அன்றைய நியூயார்க் ரொட்டிக் கடைகளில் இருந்தவை நிலக்கரி அடுப்புகள். இத்தாலியர்கள் விறகைத் தேடிக்கொண்டிருக்காமல் அதிலேயே சுட்டார்கள். கோனி ஐலண்டில் 1924-ல் தொடங்கிய டோட்டோனோஸும், பிளீக்கர் தெருவில் 1929-ல் தொடங்கிய ஜான்ஸும் அந்த நிலக்கரிப் பரம்பரை. அங்கே முழு பீட்சாதான்.

துண்டு போட்டு விற்கும் கலாசாரம் கேஸ் அடுப்போடு வந்தது. அடுக்கடுக்கான கேஸ் அடுப்பை யார் வேண்டுமானாலும் வாங்கிச் சின்னக் கடையில் வைக்கலாம். சூடு 280 டிகிரி பக்கம்தான். அதனால் ஐந்தாறு நிமிஷத்துக்கு மேல் வேக வேண்டும். அவ்வளவு நேரத்தில் தண்ணீர் நிறைந்த புது மொசரெல்லா போட்டால் குளமாகிவிடும் என்பதால் ஈரம் குறைந்த மொசரெல்லா. வெளிறிப்போகாமல் நிறம் பிடிக்க மாவில் கொஞ்சம் சர்க்கரை, காய்ந்துபோகாமல் இருக்க எண்ணெய். 18 அங்குல பீட்சாவை எட்டாக வெட்டி மேடையில் வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்டதும் ஒரு துண்டை மறுபடி அடுப்பில் காட்டிக் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது சூடுதான் அடியை மொறுமொறுப்பாக்குகிறது. நீளவாக்கில் மடித்தால் அடிப்பக்கம் லேசாகக் கீறல் விட வேண்டும், உடையக் கூடாது. நல்ல துண்டுக்கு அதுதான் அடையாளம்.

புரூக்ளினில் 1965-ல் தொடங்கிய டி ஃபாரா கடையில் டாம் டிமார்கோ, 2022-ல் மறையும் வரை அந்தக் கடையின் முகமாக இருந்தார். ஒவ்வொரு பீட்சா மேலும் தன் கையால் கத்திரிக்கோல் கொண்டு பேசில் நறுக்கிப் போடுவார். ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள்.

நியூ ஹேவன்? அப்படி ஓர் ஊரா?

நியூயார்க்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். அமெரிக்காவில் ஒரே ஓர் ஊர் பீட்சாதான் சாப்பிடலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அமால்ஃபி கடற்கரையிலிருந்து வந்த ஃபிராங்க் பேப்பே 1925-ல் வூஸ்டர் தெருவில் கடை திறந்தார். அவர் சகோதரியின் மகன் 1938-ல் அதே தெருவில் சாலீஸ் கடையைத் திறந்தார். இரண்டுமே நிலக்கரி அடுப்பு. உள்ளே போனால் அடுப்பின் ஆழமே மலைக்க வைக்கும். பத்தடிக்கும் மேல் நீளமான கம்பு பொருத்திய துடுப்பை உள்ளே விட்டுப் பீட்சாவை எடுப்பார்கள். வட்டம் என்று சொல்ல முடியாத கோணல் வடிவம், மெலிந்த மாவு, ஓரமெல்லாம் கரி. "தீய்ந்துவிட்டதே" என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். அந்தக் கசப்பும் தக்காளியின் இனிப்பும் சேர்ந்ததுதான் இந்த ஊர் ருசி.

சும்மா ஒரு பீட்சா என்று கேட்டால் தக்காளியும் துருவிய கெட்டி சீஸும் மட்டும்தான் வரும். மொசரெல்லா வேண்டும் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். அசைவம் சாப்பிடுபவர்கள் பேப்பேயின் வெள்ளை மட்டி பீட்சாவைத் தவறவிடக் கூடாது. தக்காளி இல்லை, புதிதாக உடைத்த மட்டி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், துருவிய பெக்கோரினோ சீஸ். கடல் ஓரத்து ஊருக்கே உரிய பீட்சா.

சிகாகோவின் ஆழத்தட்டு பீட்சாவைப் பீட்சா என்றே சொல்லலாமா?

தாராளமாக. 1943-ல் ஐக் சூவெல், ரிக் ரிக்கார்டோ இருவரும் தொடங்கிய பிட்சேரியா ஊனோவிலிருந்து வந்தது அது. அந்தச் சமையல் குறிப்பு யாருடையது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தடியான தட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகும். அவ்வளவு நேரம் சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும், அதனால் சீஸ் அடியில், தக்காளி மேலே. தலைகீழாக இருப்பதற்குக் காரணம் அடுப்பு நேரம்தான்.

ஆனால் சிகாகோக்காரர்கள் சாதாரண நாளில் சாப்பிடுவது வேறு: மதுக்கடைகளில் பிறந்த, மெலிந்து மொறுமொறுப்பான, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிய பீட்சா. எனக்கும் அதுதான் பிடிக்கும். ஓரமே இல்லாத நடுச் சதுரமா, மொறுமொறுப்பான மூலைத் துண்டா என்று ஒவ்வொரு வீட்டிலும் போட்டி நடக்கும்.

டெட்ராய்ட் பீட்சாவில் என்ன விசேஷம்?

தட்டுதான் விசேஷம். கார்த் தொழிற்சாலைகளில் சின்ன உதிரிப் பாகங்களைப் போட்டுவைக்கப் பயன்பட்ட நீல எஃகுத் தட்டுகள். 1946-ல் பட்டீஸ் கடையில் கஸ் கெர்ரா அந்தத் தட்டில் மாவை நிரப்பிச் சுட்டார். விஸ்கான்சினில் செய்யும் பிரிக் சீஸைத் தட்டின் ஓரத்துச் சுவர் வரை பரப்ப, அது உருகி வழிந்து சுவரோடு ஒட்டிப் பொரிந்து, நான்கு பக்கமும் கருஞ்சிவப்பு வேலியாக நிற்கும். தக்காளிச் சாற்றைக் கடைசியில் மேலே கோடு கோடாக விடுவார்கள். மூலைத் துண்டுக்கு வீட்டில் சண்டை வரும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே?

எனக்குக் கேள்வியே இல்லாமல் புவெனஸ் அயர்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெனோவாவிலிருந்து கூட்டம் கூட்டமாக அர்ஜென்டினா போனவர்கள் லா போக்கா துறைமுகப் பகுதியில் குடியேறினார்கள். ஜெனோவாவின் உணவு ஃபொக்காச்சா ரொட்டி. நேப்பிள்ஸ் பீட்சாவும் அதுவும் கலந்து, மாடு மலிந்த நாட்டின் சீஸும் சேர்ந்து, தட்டில் சுட்ட தடித்த பீட்சா பிறந்தது. அதில் சீஸின் அளவைப் பார்த்தால் முதலில் மிரண்டுவிடுவீர்கள்.

அங்கே சாப்பிட வேண்டியது ஃபுகசேத்தா. இரண்டு மாவு அடுக்குக்கு நடுவே சீஸ், மேலே பச்சை வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கிக் குவித்து, ஓரிகானோ தூவிச் சுடுவது. தக்காளி கிடையாது. வெங்காயத்தின் நுனிகள் கருகி, அடி அடுக்கு தன் தண்ணீரிலேயே வெந்து இனித்துக் கிடக்கும். வெட்டினால் உள்ளிருந்து சீஸ் வழியும். லா போக்காவில் 1932-ல் தொடங்கிய பான்கெரோ கடை இது தங்கள் கண்டுபிடிப்பு என்கிறது. அதே 1932-ல் கொரியென்டெஸ் சாலையில் தொடங்கிய குவெரின் கடையில் உள்ளே மேஜைகள் நிறைய உண்டு. இருந்தாலும் வாசல் பக்கத்து மேடையில் நின்று சாப்பிடுங்கள். வேலை முடிந்து வந்தவர்கள், நாடகம் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

கூடவே ஃபைனா என்று ஒன்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரும் எண்ணெயும் விட்டுக் கரைத்து, தட்டில் ஊற்றிச் சுட்ட மெல்லிய அடை. அதைப் பீட்சாத் துண்டின் மேல் சவாரி ஏற்றிவைத்து இரண்டையும் சேர்த்துக் கடிப்பார்கள். கடலைமாவு மணத்தில் வளர்ந்த நம் நாக்குக்கு இது முதல் வாயிலேயே பிடித்துவிடும்.

பிரேசிலின் சாவ் பாவ்லோவும் பீட்சா நகரம்தான். ஜூலை 10-ஐப் பீட்சா தினமாகவே கொண்டாடுகிறார்கள். கத்துபிரி என்ற கிரீம் சீஸும் கோழியும் போட்ட பீட்சா அங்கே பேர்போனது. எனக்கு அது கொஞ்சம் திகட்டும்.

அன்னாசிப்பழம் போடலாமா?

போடலாம். 1962-ல் கனடாவின் சாத்தம் ஊரில் கிரேக்கத்திலிருந்து வந்த சாம் பனோபுலோஸ் டின் அன்னாசியைத் திறந்து போட்டுப் பார்த்ததில் வந்தது ஹவாய் பீட்சா. டின்னிலிருந்து எடுத்த துண்டை அப்படியே போட்டால் தண்ணீர் விட்டு மாவை ஊறவைத்துவிடும். பழத்தைத் தனியாகச் சுட்டுத் தண்ணீரை வற்றவைத்துப் போட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் சுத்த சைவம். வெளிநாட்டில் பீட்சாவை நம்பிச் சாப்பிடலாமா?

இறைச்சி இல்லை என்பது மட்டும் போதாது, இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பார்மிஜானோ ரெஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டுதான் திரிக்க வேண்டும் என்பது அதன் விதி. ஐரோப்பாவின் மற்ற பழைய வகைச் சீஸ்கள் பலவும் அப்படித்தான். இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டாவது, உப்பு மீன். தக்காளிச் சாந்துக்குள் கரைந்துபோயிருந்தால் கண்ணுக்கே தெரியாது, சிசிலி வகைகளில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த இரண்டு கவலையும் இல்லாதது மரினாரா. பால் பொருள் தவிர்ப்பவர்களுக்கும் அதுதான்.

நம் ஊர்ச் சங்கிலிக் கடை பீட்சாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

எனக்குப் பீட்சாவை அறிமுகப்படுத்தியது அதுதான், நன்றி உண்டு. டொமினோஸும் பீட்சா ஹட்டும் 1996-ல் இந்தியாவுக்கு வந்தன. டொமினோஸ் முறையில் பீட்சா நகரும் கம்பிப் பட்டையில் ஏறி, மேலும் கீழும் சூடான காற்று அடிக்கும் அடுப்பு வழியாக மறுபக்கம் வந்துவிடும். யார் வைத்தாலும் ஒரே மாதிரி வேகும். அதற்காகவே உருவான அடுப்பு. பன்னீர் டிக்கா பீட்சா அந்த மென்மையான மாவுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. விறகடுப்புப் பீட்சா பக்கத்தில் வேண்டும் என்றால் ஆரோவில், புதுச்சேரிப் பக்கம் போங்கள். அங்கே ஐரோப்பியர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள், சீஸும் அங்கேயே செய்கிறார்கள்.

வீட்டில் செய்தால் ஏன் கடை மாதிரி வரவில்லை?

பெரும்பாலும் அடுப்புக்குப் பொருந்தாத பீட்சாவைச் செய்வதால். நம் வீட்டு ஓடிஜி கரண்ட் அடுப்பு 250 டிகிரிதான் போகும். அதில் நேப்பிள்ஸ் பீட்சா செய்தால் வெந்து நிறம் பிடிப்பதற்குள் காய்ந்து வறட்டியாகிவிடும். 250 டிகிரிக்கு ஏற்றவை தட்டில் சுடும் ரோம், டெட்ராய்ட், புவெனஸ் அயர்ஸ் வகைகள். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாவுக்கு: 500 கிராம் மைதா (ரொட்டி மாவு கிடைத்தால் இன்னும் நல்லது), 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 2 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். டம்ளர் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். நம் வெயிலுக்குத் தண்ணீர் ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மாவு அவசரப்பட்டுப் பொங்கிப் புளித்துவிடும். கலந்தால் போதும், அடித்துப் பிசைய வேண்டாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஈரக் கையால் ஓரத்தை இழுத்து நடுவில் மடியுங்கள். மூன்று தடவை செய்தால் சொரசொரப்பு போய் வழவழவென்று ஆகிவிடும். மூடி ஃபிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். ருசி அந்த ஒரு நாளில்தான் வருகிறது. இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது.

25 சென்டிமீட்டர் சதுரத் தட்டுகள் இரண்டுக்கு இந்த மாவு வரும். தட்டில் எண்ணெயைத் தாராளமாக விட்டு, மாவை வைத்து விரல் நுனியால் குழி குழியாக அழுத்திப் பரப்புங்கள். முழுதாகப் பரவ மறுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். ஒரு மணி நேரம் உப்ப விடுங்கள்.

இப்போது அடுப்பு. கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல் உள்ளே நுழையுமானால் கீழ்த்தட்டில் வைத்து, முழுச் சூட்டில் நாற்பது நிமிஷம் காய விடுங்கள். நேப்பிள்ஸ் களிமண் ஓட்டுக்கு நேர் எதிரான காரணம்: அங்கே சூடு அதிகம், அதை மெதுவாக விட ஓடு, இங்கே சூடு குறைவு, அதை வேகமாகக் கொடுக்க இரும்பு. தட்டை அந்தக் கல் மேல் வைத்து, தக்காளி மட்டும் தடவி 10 முதல் 12 நிமிஷம், பிறகு சீஸ் போட்டு 5, 6 நிமிஷம். அடியைக் கரண்டியால் தூக்கிப் பாருங்கள், பொன்னிறத்தைத் தாண்டியிருக்க வேண்டும். மேலே நிறம் வந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள்.

தக்காளி, சீஸ், பேசில் எது வாங்குவது?

தக்காளிக்குச் சதைப்பற்றுள்ள, நன்றாகப் பழுத்த பெங்களூர் தக்காளி. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் தண்ணீரும் கூடுதல். வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, விதையை எடுத்துவிட்டு, கையால் கசக்கி உப்புப் போட்டுச் சல்லடையில் அரை மணி நேரம் வடிய விடுங்கள். வேகவைக்க வேண்டாம். அடுப்பில்தான் வேகப்போகிறதே.

சீஸ் மொசரெல்லாவாகவே இருக்கட்டும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள்; துருவிய பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவு சேர்த்திருப்பார்கள், உருகுவது குறையும். சாண்ட்விச்சுக்கு வாங்கும் ப்ராசஸ்டு சீஸ் இழுபடாது. தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா கிடைத்தால் நறுக்கி, துணியில் இரண்டு மணி நேரம் வடித்த பிறகு போடுங்கள்.

பேசில் கிடைக்காத ஊரில் சப்ஜா விதையைத் தொட்டியில் தூவுங்கள். முளைப்பது அதே இனச் செடி, நம் திருநீற்றுப்பச்சிலை. இத்தாலிய வகையைவிட மணம் காட்டம், அதனால் இரண்டு மூன்று இலை போதும். சுட்டு எடுத்த பிறகு போடுங்கள்.

கெட்சப்?

வேண்டாம். தக்காளியின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து வைத்த பண்டத்தின் மேல் சர்க்கரைச் சாறு ஊற்றினால் எல்லாக் கடையும் ஒரே கடையாகிவிடும். காரம் வேண்டுமானால் காய்ந்த மிளகாயை இடித்துத் தூவிக்கொள்ளுங்கள், நியூயார்க்கிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மிச்சமான பீட்சாவை எப்படிச் சூடாக்குவது?

மைக்ரோவேவில் வைத்தால் மாவு முதலில் தொளதொளத்து, ஆறியதும் ரப்பராகிவிடும். தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, துண்டை எண்ணெயில்லாமல் அப்படியே போடுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடி மொறுமொறுப்பாகும். பிறகு கல்லின் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு உடனே மூடுங்கள். அந்த ஆவியில் ஒரு நிமிஷத்தில் சீஸ் உருகிவிடும்.